முடி மட்டும்

அந்தத் தலைக்கு ஏற்ற சீப்பு ஸ்டூடியோவில் இல்லை.
என்னிடமிருந்த ஏழிலும் பல் போனது.
எட்டாம் நாள் அவளே ஒன்று கொண்டுவந்தாள்,
சைக்கிள் கம்பியை வளைத்து அடித்தது.
"இது உடையாது. உன் கை வலிச்சா மட்டும் சொல்லு, மதராசி."

பெண்கள் முகத்தில் கைவைக்கக் கூடாது அங்கே.
முகம் ஆண்களின் வேலை, சங்க விதி.
முடி மட்டும் எங்களுக்கு.
ஆகவே ஜைத்தூன் மக்வாவின் முகத்தைப் பற்றி
நான் சொல்வதெல்லாம் கண்ணாடியில் பார்த்தது.

மேக்கப் தாதா பெட்டியைத் திறப்பார்,
பதினாறு குப்பியையும் தொட்டுப் பார்ப்பார்,
மூடுவார்.
"அப்படியே போ, யார் பார்க்கப் போறா."
கரி மை மட்டும் தாராளமாக இருந்தது,
கதாநாயகி ஒரு பாட்டுக்குக்
காட்டுப்பெண்ணாகிறபோது பூச.
ஜைத்தூன் அவள் பின்னால் கூடை பிடித்தாள்.
ஒன்பது டேக்.
கரி வழிந்துகொண்டே இருந்தது.
ஜைத்தூனுடையது வழியவில்லை.

ஏ வகுப்பு என்றால் விருந்தில் கோப்பை பிடிக்கலாம்.
பி, கல்யாண ஊர்வலம், கோர்ட் பெஞ்சு.
சி, சந்தை, சிறை, தீ, வெள்ளம்.
நிறம் இறங்க இறங்கக் கூலியும் இறங்கும்.
டோங்ரியில் பிறந்து
ஐந்து தலைமுறையாய் அதே கடையில் மீன் வாங்குகிறவள்
சி-யிலும் கடைசி வரிசை.
"வெள்ளத்துல எல்லாரும் ஒரே தண்ணியிலதானே நனையறோம்?"
கேஷியரைக் கேட்டாள்.
கேஷியர் தும்மினார்.

ஒரு படத்திலும் வசனம் தரவில்லை அவளுக்கு.
கோரேகாவ் வாசலில், ஜூலையில்,
டீக்கடை பெஞ்சில் ஏறி நின்றாளே,
அதுதான் முதல் வசனம்.
கூலிக் கணக்கை வாசித்தாள்:
பெயர், வகுப்பு, பாக்கி. பெயர், வகுப்பு, பாக்கி.
இருநூற்றுப் பதினெட்டு.
நல்ல மழை. யாரும் குடை விரிக்கவில்லை,
துணியில் விழும் சத்தத்தில்
தன் பெயர் போய்விடுமோ என்று.
"அன்னத்தாய் மாசிலாமணி, தாராவி,
வகுப்பு இல்லை, பாக்கி நாற்பத்தொன்பது."
என்னை அவ்வளவு சத்தமாக
அதற்கு முன் யாரும் கூப்பிட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார், எந்த நாடு?
"பி வார்டு."
பாஸ்போர்ட்?
"ரேஷன் கார்டு இருக்கு சாஹேப், மண்ணெண்ணெய்தான் இல்ல."
கூட்டம் சிரித்தது.
லத்தி அந்தச் சிரிப்பைத்தான் தேடி வந்தது.

ஒன்பது நாள் உள்ளே. ஆறு வருஷம் வேலை இல்லை.
பரேல் மில் வாசலில், லாரி மேல் நடித்தாள்.
முதலாளியாக, மந்திரியாக,
ஒருமுறை தண்ணீர் வராத முனிசிபல் குழாயாக.
எதற்கும் எதையும் பூசவில்லை.
மூன்று நிமிஷத்தில் ஜனம் நிறத்தை மறந்துவிடும்.
பாதியில் நிறுத்திச் சொல்வாள்,
"மறக்க வேண்டாம். பார்த்துக்கிட்டே நம்புங்க."

வழக்குக்கு என்னைச் சாட்சி கேட்டாள்.
போகவில்லை.
பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது என்று
ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.
அவள் கேட்கவேயில்லை.
அடுத்த செவ்வாய் வழக்கம்போல வந்து
எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
தலையைக் கொடுத்தாள்.
அன்று சிக்கெடுக்க இரண்டு மணி நேரம் ஆனது.
இரண்டு பேரும் பேசவில்லை.

தேர்தலில் நின்றாள், தோற்றாள், மறுபடி நின்றாள்.
இறந்தபோது பேப்பரில் மூன்று வரி,
படம் வேறு யாருடையதோ.

நேற்று ராத்திரி டிவியில் அந்தக் கூடைப் பாட்டு.
கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் நான்கு நொடி.
கேமராவைப் பார்க்கக் கூடாது,
சி வகுப்புக்கு அதுதான் முதல் பாடம்.
நேராகப் பார்க்கிறாள்.
வலது காதுக்கு மேலே ஒரு பின் நழுவியிருக்கிறது.
என் தப்பு.
அன்று அவசரம்.